கூடாரத்துக்குள் ஒன்றும் இல்லை

ஜூன் 11, புதன்

விடிந்ததிலிருந்து மழை. கொட்டாஞ்சேனை முழுக்க ஈர நாய் வாடை. பல்கனியில் மூன்று நாளாகக் காயாத உடுப்பு. பெரியவள் யூனிஃபோர்மை ஈரத்தோடு அயர்ன் பண்ணிக்கொண்டு போய்விட்டாள். மீன்காரன் வரவில்லை. பருப்பு, முட்டை.

அன்ரன் கிரேன் ஓட்டுகிற கன்டெய்னர் யார்டின் ட்ரிப். (இனி அ. மட்டும். முழுப் பெயர் எழுதும் அளவுக்கு இன்றைக்குப் புருஷன் மேல் மரியாதை இல்லை.) வருடா வருடம் நீர்கொழும்பில் ஒரு ஹோட்டல், ஒரு கடல் குளிப்பு, ஒரு புரியாணி, வீடு. இந்த முறை சுப்பர்வைசர் நிஹாலுக்குக் காடு கேட்கிறது. வில்பத்துப் பக்கம். கூடாரம். இரண்டு இரவு. மனைவிமாரும் வர வேண்டும்.

நிஹால் குரூப்பில் போட்ட விதிகள், நான் தமிழில் எழுதிவைத்தது:

கூடாரத்துக்குள் சாப்பாடு இல்லை. பிஸ்கட்டும் இல்லை.
டொஃபி, பழம், ஜூஸ், பற்பசை, வாசனைச் சோப், பவுடர், எல்லாம் இரவில் இரும்புப் பெட்டிக்குள்.
சமைத்த உடுப்போடு படுக்கக் கூடாது.
காரணம்: கரடி. பாலைப் பழம் பழுக்கும் காலம், கரடி நடமாட்டம் கூட.

இரண்டு தரம் வாசித்தேன். கரடிக்காக அல்ல.

அ.வுக்கு இரண்டு வருடமாக இன்சுலின். காலை ஒன்று, இரவு ஒன்று. ஊசி எங்கள் ஃபிரிட்ஜில் பழைய மாஜரின் டப்பாவுக்குள். தெரிந்தவர்கள்: டொக்டர், நான், டப்பா. பிள்ளைகளுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். யார்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஊசி போடுகிறவன் மேலே ஏறக் கூடாது, அது சட்டம். வருடத்துக்கொரு படிவம் வரும். தொடர்ந்து எடுக்கும் மருந்து ஏதும் உண்டா? இல்லை. இரண்டு தடவை 'இல்லை' எழுதியது என் கை. அ.வின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் படிவங்கள் நிரப்புவது நான்தான்.

சிலநாள் விடியற்காலையில் அவருக்குச் சீனி விழும். வியர்க்கும், கதை குழறும். ஐந்து நிமிடத்துக்குள் இனிப்பு ஏதாவது வாய்க்குள் போக வேண்டும். வீட்டில் தலைமாட்டில் குளுக்கோஸ் போத்தல். காட்டில் தலைமாட்டில் கரடி.

நான்: "பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டினா விடியப்புறம் எப்பிடி எடுக்கிறது?"

அ.: "ரெண்டு நாள்தானே. ஒண்டும் வராது."

"போகாம விடுங்க."

"போகாட்டி ஏன் எண்டு கேப்பாங்கள். ரெண்டு வருசமா ஒரு பார்ட்டிக்கும் நான் போகேல்ல. நிஹால் கேட்டவர், அன்ரன், உனக்கு எங்களப் பிடிக்கேல்லயா எண்டு."

இதற்குப் பிறகு அவர் செய்திக்குப் போய்விட்டார். நான் மூன்று தரம் ஃபிரிட்ஜைத் திறந்து மூடினேன். மூன்றாம் தரம் எதற்குத் திறந்தேன் என்றே தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

மழை விட்டு விட்டு. வெள்ளவத்தைக்குப் போக பஸ்ஸில் ஒன்றேகால் மணித்தியாலம்.

நான் வேலை செய்யும் பல் டிஸ்பென்சரியில் பதினெட்டுப் பேருக்கு நம்பர் கொடுத்தேன். பல் டொக்டர் வரப் பிந்தி, வாங்கில் இருக்க இடமில்லாமல் சனம். ஒரு அம்மா மகனிடம்: "பல்லப் புடுங்கிப் போட்டு அந்த இடத்த நாக்கால தடவாத எண்டு சொன்னா கேக்கிறியா?" என் நாக்கும் காலையிலிருந்து ஒரே இடத்தைத்தான் தடவிக்கொண்டிருக்கிறது.

மதியம் காலி வீதியில் கடைக்கு. வாங்கியது:
மாம்பழ ஜூஸ், சிறிய பெட்டி, மூன்று. உறிஞ்சும் குழாய் ஒட்டியது.
குளுக்கோஸ், சிறிய பக்கெட்.
ஜுஜுப்ஸ்.
ஸிப் வைத்த பொலித்தீன் பை, பெரியது.
டோர்ச் பட்டறி.

வீட்டுக்கு வந்து ஒரு பரீட்சை. ஜுஜுப்ஸைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, காற்றை வெளியேற்றி, இழுத்து மூடி, குசினித் தரையில் வைத்தேன். எங்கள் வீட்டு எறும்பு சும்மா எறும்பு இல்லை. ஒரு மணித்தியாலம். வரவில்லை. இரண்டு. வரவில்லை. சந்தோஷம். பை எறும்பை ஏமாற்றினால் கரடியையும் ஏமாற்றும் என்று எந்த மடையனும் சொல்லவில்லை. ஆனால் மனம் கொஞ்சம் ஆறியது.

பிறகு மறைக்கும் இடம். உடுப்புப் பையின் அடியிலா? யாராவது தூக்கினால் சத்தம் கேட்கும். கடைசியில் மாதவிலக்குப் பேட் வைக்கிற பூப்போட்ட துணிப் பை. மேலே ஆறு பேட், அடியில் பொலித்தீன். ஆண்பிள்ளை எவனும் அந்தப் பையைத் திறக்க மாட்டான். பெண்களும் மரியாதைக்குத் திறக்க மாட்டார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா மட்டக்குளியிலிருந்து வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனாள். நாளைக்கு அந்தோனியார் திருநாள். கொச்சிக்கடைக் கோயிலே நிரம்பி வழியும். அக்கா வாசலில் நின்று சொன்னது: "அந்தோனியார்ட பேர வச்சுக்கொண்டு அவர்ட நாளில காட்டுக்குப் போற ஒரே ஆள் உன்ட புருசன்தான்." அ.வுக்குக் கேட்டது. சிரித்தார். போகும் வழியில் கொச்சிக்கடையில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் வானில் ஏறுவாராம்.

ஜூன் 13, வெள்ளி. காம்ப், மாலை 5.30

காலை ஒன்பது மணிக்கு வான். மெழுகுதிரி கொளுத்தியாயிற்று. எட்டுப் பேர். எங்களுக்குப் பக்கத்து சீட் ஃபாரூக் நானா (முஸ்லிம் ஆட்களுக்கு அண்ணா என்றால் நானா), அவர் மனைவி ரிஹானா. யார்டில் அ. மேலே கிரேனில், நானா கீழே நின்று கொக்கி மாட்டுவார். ஆறு வருடச் சோடி. இருவருக்கும் கை அசைவிலேயே கதை முடியும், வானுக்குள்ளும் அப்படித்தான்.

புத்தளத்தில் ஜும்மாவுக்காக நிறுத்தம். நானா தொழுதுவிட்டு வரும்வரை நாங்கள் வானுக்குள் வெந்தோம். இங்கே மழையே இல்லை. மண் சிவப்பு. வானம் வெறும் வானம்.

காம்ப்: தனியார் ஒருவருடையது, காட்டு எல்லைக்கு வெளியே, வறண்ட ஆற்றங்கரையில். நான்கு கூடாரம். குசினி தனியாக, நூறு அடி தள்ளி, காற்று கூடாரப் பக்கம் அடிக்காத இடத்தில். எங்கள் கூடாரம்தான் குசினிக்குக் கிட்ட.

சமையல்காரர் பெயர் சுனில். முப்பத்தைந்து இருக்கும். இடது கன்னத்தில் கண்ணிலிருந்து தாடை வரை தையல் போட்ட வடு, காதில் பாதி இல்லை. தேன் எடுக்கப் போனபோது கரடி. கரடி முகத்தைத்தான் பிடிக்குமாம். தமிழ் கதைப்பார். புத்தளத்தில் வேலை செய்தவராம்.

வந்ததும் வராததுமாக எங்களை வரிசையில் நிற்கவைத்தார். பள்ளிக்கூட மொனிட்டர் தோற்றார். இரும்புப் பெட்டி, ஜீப் சங்கிலியால் மரத்தோடு கட்டியது, இரண்டு கொண்டி, ஒரு பூட்டு. ஒவ்வொருவராகப் பையைத் திறந்து சாமான் போட்டோம். நிஹாலின் மனைவி லிப்ஸ்டிக்கைக் கூடப் போட்டாள். ஒரே சிரிப்பு. ரிஹானா வீட்டிலிருந்து கொண்டுவந்த வட்டிலப்பம், கருப்பட்டியும் முட்டையும் போட்ட இனிப்பு, ஒரு பெரிய சட்டி. சுனில் அதை மூடியோடு முகர்ந்து பார்த்து, "இது பெரிய ஆபத்து, இன்னைக்கே முடிக்கணும்" என்றார்.

மிச்சச் சோறு எரிக்கிறார். சட்டி கழுவிய தண்ணீர் தூரத்துக் குழியில், மேலே மண். சமைக்கும்போது உடுத்த சாரத்தை மாற்றிவிட்டுத்தான் எங்கள் பக்கம் வருகிறார். பெட்டி காலை ஆறரைக்குத்தான் திறக்குமாம். இடையில் சாவி ஒருவருக்கும் கிடையாது.

கடைசியாக என்னிடம்: "அக்கா, உள்ள வேற ஒண்ணும் இல்லதானே? டொஃபி ஒண்ணு இருந்தாலும் வலஹாவுக்குத் தெரியும். மூக்கு அப்படி." வலஹா என்றால் கரடி.

"இல்ல" என்றேன்.

வடு இருந்த கன்னத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

ஜூன் 14, சனி. காலை 5.15

டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

நேற்று இரவுச் சாப்பாட்டில் வட்டிலப்பம். ரிஹானா எல்லோருக்கும் வெட்டினாள். அ. ஒரு துண்டு. நான் கண்ணால் முறைத்தேன். நிஹால்: "என்ன அன்ரன், மனுசி பயமா?" இரண்டாம் துண்டு. பிறகு டொய்லட்டுக்குப் போய் வழமையைவிடக் கூட ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. வட்டிலப்பத்துக்குக் கணக்குப் போட்டாராம். கணக்கு.

4.40க்கு முழித்தேன். பாய் நனைந்திருந்தது. அவர் வியர்வை. கூப்பிட்டால் "கொக்கி, கொக்கி" என்கிறார். பூப்போட்ட பையைக் கவிழ்த்து, ஜூஸ் பெட்டியில் குழாயைக் குத்தி, வாயில் வைத்தேன். முதல் வாய் வழிந்து பாயில் ஊற்றிற்று. இரண்டாம் வாய் விழுங்கினார். கன்னத்தில் தட்டித் தட்டிக் குடிக்கவைத்தேன். கொஞ்சம் குளுக்கோஸ். பதினைந்து நிமிடம் கழித்து என்னைப் பார்த்து, "ஏன் அழுறாய், புளோரா?" என்றார்.

அழவில்லை என்றேன்.

வழிந்ததைத் துவாயால் துடைத்தேன். வெறும் பெட்டியை மறுபடி பைக்குள். மீதி இரண்டு பெட்டி, மிச்சக் குளுக்கோஸ், ஜுஜுப்ஸ், பேட் மேலே. பொலித்தீனை மூடினேனா? மூடினேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆறுக்கு ஜீப். போக மாட்டேன் என்று சொன்னால் காரணம் கேட்பார்கள். அ. எழும்பிச் சட்டை போடுகிறார், ஒன்றும் நடக்காதது போல. ஊசியும் ஐஸ் பையும் அவர் இடுப்புப் பையில். எரிச்சலாக இருக்கிறது. உயிரோடு இருப்பதால் எரிச்சல்பட முடிகிறது.

பகல் 1 மணி

ஜீப்பில் கண்டது: மான், மயில், மான், முதலை ஒன்று, மான். நிஹால் கரடி காணவில்லை என்று சலித்துக்கொண்டார்.

பத்தரைக்குத் திரும்பினோம். கரடி இங்கே வந்திருக்கிறது.

எங்கள் கூடாரத்தின் பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை கிழிந்து தொங்குகிறது. பாய் வெளியே. உடுப்பு வெளியே. பூப்போட்ட பையை ஆற்று மணல்வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வழி நெடுக என் பேட். வெள்ளை வெள்ளையாக.

சுனில் இல்லை. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சத்தம் கேட்டுச் சட்டியைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தாராம். எழும்பி நின்றதாம் அது. முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடி, மரக்கட்டையில் தடுக்கி விழுந்து, வலது முழங்கை. தோட்டம் கூட்டுகிற மனிசன் சொன்னார், எலும்பு வெளியே தெரிந்ததாம். கரடி அவரைத் தொடவில்லை. எங்கள் பக்கமே திரும்பிப் போய்த் தன் வேலையைப் பார்த்ததாம்.

இப்போது நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆண்கள் எல்லாரும் பேட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நிஹால் தொண்டையைச் செருமி, "லேடீஸ் கிளீன் பண்ணட்டும்" என்று ஆட்களை ஆற்றின் மற்றப் பக்கம் அழைத்துப் போனார். ஆகவே பொறுக்கியது நான். ஜூஸ் பெட்டி பல் குத்தி நசுங்கியது ஒன்று, உறிஞ்சி எடுத்தது ஒன்று, குளுக்கோஸ் உறை, எல்லாவற்றையும் பேட்டோடு சுற்றிப் பைக்குள் திணித்தேன். எவரும் பார்க்கவில்லை. நான் தெரிந்தெடுத்த இடம் நன்றாகத்தான் வேலை செய்தது. மனிதக் கண்ணிடமிருந்து மறைக்க எனக்கு நல்ல பழக்கம் இருக்கிறது. மூக்கிடமிருந்து மறைக்கத் தெரியவில்லை.

ரிஹானாவும் குனிந்து பொறுக்கினாள். மணல் பக்கம் அவள். பேட்டுகளைச் சுருட்டிக் கொண்டுவந்து கையில் தந்தாள்.

மாலை 6

காம்ப் முதலாளி அநுராதபுரத்திலிருந்து வந்தார். சுற்றிப் பார்த்தார். எங்கள் கூடாரக் கயிற்றில் சுனிலின் சமையல் துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. நேற்றுப் பின்னேரம் நான்தான் அங்கே போடச் சொன்னேன், வெயில் அந்தப் பக்கம் என்று. சுனில் கழுவித்தான் போட்டார். சவர்க்காரம் போட்டு இரண்டு தரம்.

முதலாளி துணியை முகர்ந்து பார்த்து, சிங்களத்தில்: "இதுதான். எண்ணெய் வாடை. பத்துத் தரம் சொல்லியிருக்கிறேன்." நிஹாலிடம் மன்னிப்புக் கேட்டார். திங்கள் முதல் சுனில் வரத் தேவையில்லையாம். ஃபோனில் சொல்லிவிட்டாராம். ஆசுபத்திரிக் கட்டிலில் இருக்கிற ஆளுக்கு.

நான் வாயைத் திறந்தேன். அ. என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கி அல்ல. சும்மா பிடித்தார். நான் வாயை மூடினேன்.

பிறகு இருவரும் வாளி எடுக்கப் போகிற மாதிரி கிணற்றடிக்கு.

"அந்தாள் கைய உடைச்சுக்கொண்டு கிடக்கிறான்."

"தெரியும்."

"தெரிஞ்சு?"

"ஜூஸ் ஏன் வச்சனீங்க எண்டு கேப்பாங்கள். நீ என்ன சொல்லுவாய்?"

"எனக்கு ஜூஸ் பிடிக்கும் எண்டு சொல்லுவன்."

"மூண்டு ஜூஸும் குளுக்கோஸும், விடியப்புறம்? நிஹாலின்ட தகப்பனுக்குச் சீனி வருத்தம், புளோரா. நிஹாலுக்கு ஒரு நிமிசத்தில விளங்கும்." பிறகு, "நான் கீழ நிண்டு என்ன செய்யிறது? பதினாறு வருசம் மேலயே இருந்தனான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. கீழே போட்டால் பாதிச் சம்பளம், பெரியவளின் வகுப்புகள், வாடகை. ஆனால் அது முழுவதும் அல்ல. மேலே ஏறினால் அவர் வேறு ஆள். ஒரு முறை குடும்ப நாளுக்கு யார்டுக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். ஏணியில் ஏறும்போதே தோள் நிமிரும். அதை என் வாயால் பறிக்க வேண்டும்.

வாளியில் தண்ணீர் அள்ளாமலே திரும்பி வந்தோம்.

ஜூன் 15, ஞாயிறு

இரவு வானுக்குள் படுத்தோம். பூசை இல்லை. திருநாளும் இல்லை, ஞாயிறும் இல்லை. நல்ல கத்தோலிக்கக் குடும்பம்.

வான். முன்னுக்கு ஒரே பாட்டு. நேற்றையது அதற்குள் பகிடியாகிவிட்டது. "புளோரா அக்காட டென்ட்தான் வலஹாவுக்குப் பிடிச்சிருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன், கன்னம் நோகும்வரை.

சிலாபம் தாண்டியதும் நிஹால் ஒரு கடதாசி எடுத்தார். காம்ப் முதலாளி கேட்டதாம், தன் ஃபைலில் வைக்க. சமையல்காரரின் கவனக்குறைவால் கரடி வந்தது, நாங்கள் எல்லோரும் உணவு விதிகளைக் கடைப்பிடித்தோம் என்று. கீழே கையெழுத்துகள். கடதாசி சீட் சீட்டாகப் பின்னுக்கு வந்தது. ஃபாரூக் நானா போட்டார். ரிஹானா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூக்கமா தெரியவில்லை. அ. வாங்கி, முழங்காலில் வைத்து, போட்டார். கோழி கிளறிய கையெழுத்து. தெளிவாகத்தான் இருந்தது.

எனக்கு நீட்டினார். தலை சுற்றுகிறது, வாந்தி வரும்போல என்றேன். ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டேன். நீர்கொழும்பு வரை அப்படியே.

கொழும்பில் மழை. வீடு பூஞ்சணம் மணக்கிறது. பிள்ளைகள் வந்தார்கள். சின்னவள்: "அம்மா, கரடி கண்டனீங்களா?" இல்லை. "அப்ப ஏன் போனனீங்க?"

பூப்போட்ட பையைக் குப்பையில் போட்டேன். பிறகு எடுத்து, ஜூஸ் பெட்டியை மட்டும் வெளியே எடுத்து வைத்தேன். பல் குத்திய துளை நான்கு. ஏன் வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. ஃபிரிட்ஜில் மாஜரின் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, அதையும் எடுத்து, அலுமாரிக்குள் வைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

அ. வேலைக்கு. 6.10க்கு வெளிக்கிட்டார். தேநீர் பாதி. நேற்றிலிருந்து இருவருக்கும் கதை உப்பு, புளி அளவில்தான்.

டிஸ்பென்சரியில் ஏழாம் நம்பரை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டேன். சண்டை. ஒரு ஐயா: "பிள்ளை, இண்டைக்கு நீர் இஞ்ச இல்லை." உண்மை.

காம்ப் நம்பர் குரூப்பில் இருக்கிறது. நாலு தரம் எடுத்துப் பார்த்தேன். அழுத்தவில்லை. சுனிலுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கூடக் கேட்கவில்லையே. வலது கை. சமையல்காரனுக்கு வலது கை.

2.30க்கு ரிஹானாவின் ஃபோன். முதலில் மழை, பிறகு பிள்ளைகளின் தடிமன், தும்மல். பிறகு:

"அக்கா, மணல்ல அந்த ஜூஸ் பெட்டிய நான்தான் பொறுக்கின. நீங்க நெனைச்சீங்களா நான் காணல்லயெண்டு?"

ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எங்கட உம்மாக்கும் சீனி. ஊசிதான். அவட தலமாட்டுலயும் அதே ஜூஸ்தான் இருக்கிற. ஒத்தருக்கும் வாய் தொறந்து செல்லல்ல நான். அவருக்கும் செல்லல்ல. அன்ரன் அண்ணன்ட சோத்துல நான் கை வெக்க மாட்டன்."

"தேங்க்ஸ் ரிஹானா" என்றேன். வேறு என்ன சொல்வது.

"தேங்க்ஸ் வாணாம் அக்கா." யாரையோ உள்ளே போகச் சொன்னாள். "எங்கட வூட்டு ஆள் அவருக்குக் கீழதானே நிக்கிற. சனிக்கெழமலேந்து எனக்கு நித்திர இல்ல. காலைல அவரு செருப்புப் போடக்கொள்ள வாய் வரைக்கும் வருது. செல்ல ஏலாம இருக்கு. நீங்களே செல்லுங்க, நான் என்ன செய்ய?"

இரண்டு வருடம். இரண்டு வருடத்தில் அ. விழுவாரா என்று பயந்திருக்கிறேன். ஏணியில் தலை சுற்றுமா என்று பயந்திருக்கிறேன். பிடிபடுவாரா என்று பயந்திருக்கிறேன். அந்தக் கொக்கிக்குக் கீழே ஒருவர் நிற்கிறார், அவருக்குப் பெயர் இருக்கிறது, என் பக்கத்து சீட்டில் வந்தார் என்று ஒரு நாள் கூட நினைத்ததில்லை. "கொக்கி, கொக்கி" என்று அ. குழறிய விடியற்காலையில் கூட நினைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் அ.விடம் சொன்னேன், ரிஹானா சொன்னதை அப்படியே. அவர் சோற்றில் கையை வைத்தபடி இருந்தார்.

"ஃபாரூக்குக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மேல இருக்கேக்க எனக்கு ஒரு நாளும் சீனி விழேல்ல."

"காட்டிலயும் ஒரு நாளும் விழேல்ல, வெள்ளிக்கிழம வரைக்கும்."

சோற்றைப் பிசைந்தபடி: "இந்த மாசம் முடியட்டும். ஓவர்டைம் எழுதியிருக்கு."

"அதுவரைக்கும் நானாவை லீவில நிக்கச் சொல்லவா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். நான் அவர் சோற்றையும் சேர்த்துத் தின்றேன், நின்றபடியே.

ஜூன் 17, செவ்வாய்

6.10க்குப் போய்விட்டார். கதவடியில் நின்று, "நான் நிஹாலிட்டச் சொல்லுறன், நேரம் பாத்து" என்றார். எந்த நேரம் என்று கேட்டேன். செருப்பைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள் கூட்டம், ஜம்பட்டா வீதி அசையவில்லை. பஸ்ஸுக்குள் மெழுகுதிரிக் கட்டோடு ஒரு மனிசி, "தொலைஞ்சதெல்லாம் தருவார்" என்று பக்கத்திலிருந்தவளுக்கு. எனக்குத் தொலைக்கத்தான் வழி வேண்டும்.

9.20. டொக்டர் வரவில்லை. வாங்கில் ஐந்து பேர். டிஸ்பென்சரிப் பின்பக்கம், சிலிண்டர் வைக்கிற இடத்தில் நின்று காம்ப் முதலாளிக்கு எடுத்தேன். சிங்களத்தில் மூன்று தரம் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து போயிற்று. சொன்னது: கிழிந்த கூடாரம் எங்களுடையது. உள்ளே ஜூஸ் இருந்தது. சுனில் கேட்டார், நான் இல்லை என்று பொய் சொன்னேன். துணியை அங்கே போடச் சொன்னதும் நான். துணியில் ஒன்றும் இல்லை.

அவர்: ஏன் வைத்தீர்கள், மேடம்? சின்னப் பிள்ளையா நீங்கள்?

எனக்கு ஜூஸ் பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். வாய்க்குள் தயாராகத்தான் இருந்தது. சொன்னால் சுனில் தப்புவார். அ.வும் தப்புவார். நானா நாளைக்கும் கீழே நிற்பார்.

"என் கணவருக்கு இன்சுலின்" என்றேன்.

சுனிலைத் திரும்ப எடுப்பீர்களா என்று கேட்டேன். கை ஆற இரண்டு மாதமாகும், அதன் பிறகு அவர் இடம் அவருக்குத்தான் என்றார். நிஹாலோடு பேச வேண்டும், அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார். பேசுங்கள் என்றேன். இப்போதேயா? இப்போதே.

அப்படியானால் நிஹாலிடமிருந்து அ.வுக்குப் போவதற்கு முன் நான் சொல்ல வேண்டும். எடுத்தேன். மணி அடித்து நின்றது. மேலே இருக்கும்போது அவர் ஃபோன் எடுப்பதில்லை. மறுபடி. இல்லை.

ஃபாரூக் நானாவுக்கு எடுத்தேன். இரைச்சல், லொறி, யாரோ விசில்.

"செல்லுங்க அக்கா."

"நானா, நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?"

"கீழதான். ஏன்?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சுவர்ப் பக்கம் போங்க. போயிட்டுச் சொல்லுங்க."

காலடிச் சத்தம். "ஓ, வந்திட்டன். என்ன அக்கா, வூட்டுல ஏதும் பிரச்சினயா?"

"அவரைக் கீழ வரச் சொல்லுங்க. நான் சொன்னனான் எண்டு சொல்லுங்க. எல்லாம் சொல்லியாச்சு எண்டு சொல்லுங்க. தூக்கின கன்டெய்னரக் கீழ வச்சிட்டு, வெறும் கையோட மெல்லமா வரச் சொல்லுங்க."

நானா வேறொன்றும் கேட்கவில்லை. ஃபோனை மூடவும் இல்லை. கை காட்டியிருப்பார், சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மோட்டர் இரைச்சல் நின்றது. முன்பக்கம் யாரோ, "மிஸ், என்ட நம்பர் எப்ப வரும்?" என்று கேட்கிறார்கள். ரசீதுக் கட்டின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஃபோன் காதில்.

"நிக்கிறாரு அக்கா. மேல கிரேன் வாசல்ல நிண்டு என்னயப் பாக்கிறாரு."

ஒரு நிமிடம். இன்னும் ஒன்று.

"எறங்கிறாரு."